உங்கேனியில் தொலைந்த சட்டை

கிஷினாவிலிருந்து வரும் எங்கள் தண்டவாளம் அகலம், ருமேனியாக்காரர்களுடையது குறுகல். அதனால் எல்லையில், உங்கேனியில், பயணிகளோடு ரயில் பெட்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் மாற்றுவார்கள். அதுவரை கதவுகளைப் பூட்டி வைப்பது பெட்டி நடத்துனரான என் வேலை.

அக்டோபர் திருவிழாவின்போது பெட்டி முழுக்க ருமேனியாவின் யாஷ் நகரத்துப் பழைய பேராலயத்துக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருத்தியான அக்ரிப்பினாவின் மடியில் அவள் கணவரின் நீலச் சட்டை இருந்தது. அங்கே புனித பரஸ்கேவாவின் உடல் வைத்திருக்கும் பேழையில் அதை ஒற்றியெடுத்து வந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனுஷன் குணமாகப் போட்டுவிட வேண்டும்.

பெட்டி உயரத்தில் நின்றபோது அவள் கத்தினாள். "ஐயோ, சட்டையக் காணோம்! யாரு எடுத்தது?"

"அந்தரத்துல தொங்குறோம், எவன் வந்து எடுப்பான்? நல்லாத் தேடுக்கா" என்றேன்.

இருக்கைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தோம். இல்லை.

சக்கரம் மாற்றிப் பெட்டியை இறக்கியதும் கிஷினாவிலிருந்து அவள் மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, அப்பா எந்திரிச்சு நிக்கிறாரு! சூப் கேக்குறாரு!"

பெட்டியே சிலுவை போட்டுக்கொண்டது.

"அந்த நீலச் சட்டைய நீ எடுத்துட்டுப் போகலியா? அதத்தான் போட்டிருக்காரு. ரெண்டு அக்குள்லயும் கறுப்பா மசகுக் கை பதிஞ்சிருக்கும்மா, யாரோ தூக்கி நிறுத்துன மாதிரி."

ஜன்னலுக்குக் கீழே, பெட்டியைத் தூக்கி நிறுத்திய தொழிலாளர்கள் கந்தல் துணியில் மசகுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.