நுனி சிவக்கிறது

பொத்தென்று கூடத்தில் ஏதோ விழுகிறது. சமையலறையிலிருந்து அவள் ஓடி வருகிறாள். மகள் ‘குண்டு’ என்று கூப்பிடும் செல்ல மீன், தொட்டியிலிருந்து துள்ளித் தரையில் கிடக்கிறது. கணவன் திரும்பியும் பார்க்கவில்லை. கையை முழங்கை வரை தொட்டித் தண்ணீருக்குள் விட்டு, இடுக்கியால் தன் அருமைச் செடியின் அழுகிய அடியிலைகளைக் கிள்ளிக்கொண்டிருக்கிறான். கிள்ளியதெல்லாம் அவள் மாவு பிசையும் பாத்திரத்தில் கொழகொழவென்று நாறுகிறது. தொட்டிக் கண்ணாடியில் பாசி தேய்த்த பிரஷ், அவள் பல் தேய்க்கும் பிரஷ். வழுக்கும் குண்டுவை அள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுகிறாள். அது மல்லாந்து மிதக்கிறது. தொட்டியில் மற்ற மீன்களும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. செடிக்கென்று வைத்த சிலிண்டரிலிருந்து கரியமில வாயு குமிழ்குமிழாகச் சீறுகிறது. “அந்த கேஸை மூடித் தொலைங்க! எல்லாம் மூச்சு முட்டிச் சாகுது. ஸ்கூல் விட்டு வந்தா அவகிட்ட என்ன சொல்றது?” “மூடினா செடி மறுபடி பச்சையாயிடும். இப்பத்தான் நுனி சிவக்குது, பாரேன்.” விளக்கொளியில் அந்தச் சிவப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் குனிகிறான். “அப்ப குண்டு?” “ஏன் பதறுற? அவ வர்றதுக்குள்ள அதே மாதிரி ஒண்ணு வாங்கி விட்டுடறேன். போன தடவை நீயே கண்டுபிடிக்கலையே!”