முதல் சுற்றிலேயே தோற்பவன்

எந்த ஊரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்ததோ, அந்த ஊரில் அன்றைக்கே ஒரு வீட்டில் திருட்டுப் போனது. சப்-இன்ஸ்பெக்டர் சுப்பையனுக்குத் தூக்கம் போனதும் அதனால்தான்.

எண்பதுகளின் தொடக்கம். சேலம் ஜில்லாவுக்குக் கிடைத்தது இரண்டாம் பிரிவு லீக்தான் என்றாலும், ஜனங்கள் அதற்கே பைத்தியமாக அலைந்தார்கள். ஞாயிறுதோறும் ஓர் ஊர். காய்ந்த ஏரியிலோ சந்தைத் திடலிலோ வட்டமாக மண் பாதை போட்டு, பிரேக்கைக் கழற்றி எறிந்த ஜாவா வண்டிகளில் பையன்கள் இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு பறப்பார்கள். புழுதி அடங்குவதற்குள் திருட்டுப் புகார் வந்துவிடும்.

மோகனூரில் கரும்பு விவசாயி நாச்சிமுத்து, மைக்கில் தன் பெயரைச் சொன்ன பூரிப்போடு வீட்டுக்குப் போனால் பீரோ திறந்து கிடந்தது. ராசிபுரத்து ஜவுளி வியாபாரி சண்முகவேல், மைதானத்தில் போட்ட மாலையோடு வீட்டுக்குள் நுழைந்து, அதே மாலையோடு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார். பனமரத்துப்பட்டியில் ஒரு கல்யாண வீட்டின் நகை மொத்தமும் போயிற்று.

"லீக் முடியறதுக்குள்ள பிடிக்கலைன்னா தொப்பியக் கழட்டி வெச்சுட்டுப் போய்யா" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

பந்தயத்தோடு ஊர் ஊராக வருகிறவன்தான் திருடன் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. சுப்பையனிடம் இருந்ததே போதுமானதாக இருந்தது. வண்டி ஓட்டும் பையன்களை ஒவ்வொருவராகக் கவனித்தார். ஒருவன் மேல் கண் நின்றது.

சூரமங்கலம் அணியின் சின்னான் எந்த ஊரிலும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. செயின் கழன்றது, பிளக் அடைத்தது, ஒன்றுமே இல்லாவிட்டால் வண்டி தானாகச் சாய்ந்தது. தோற்றதும் ஆள் மாயமாகிவிடுவான். பரிசு கொடுக்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வருவான், முகமெல்லாம் ஈரமாக.

"தோக்கறதுக்குன்னே ஒருத்தன் ஊர் ஊராப் போவானா?" என்று சுப்பையன் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

மனைவி சௌந்திரத்துக்கு வேறு கவலை. "ஏனுங்க, பந்தயம் பாக்கப் போற வாற குடும்பத்தையெல்லாம் அந்த அறிவிப்பாளர் அங்கமுத்து மைக்குல வரவேற்கறாரு. எஸ்.ஐ. ஊட்டுக்காரி, எம் பேரு ஒரு தரம் வரக்கூடாதுங்களா?"

"திருடன் சிக்கட்டும். அப்புறம் குடும்பத்தோட போலாம்."

கடைசி ஆட்டம் சூரமங்கலத்திலேயே நடந்தது. அன்று காலை சுப்பையன் சின்னானைச் சட்டையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்.

"தோத்ததும் எங்கடா போற?"

"அழுவறதுக்குங்க, சாமி."

"என்னது?"

"அடுத்தவன் ஜெயிக்கறதப் பாக்க முடியறதில்லீங்க. லாரிக்குப் பின்னால போயி அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வருவேனுங்க."

இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு மட்டமான பொய்யைச் சுப்பையன் கேட்டதில்லை. அணித் தலைவன் வேலுமணி பதறிக்கொண்டு ஓடி வந்தபோது, பையனை விடச் சொல்லிக் கெஞ்சப்போகிறான் என்று நினைத்தார்.

வேலுமணி கேட்டது ஒன்றுதான். "பந்தயம் முடியற வரைக்கும் வெச்சிருப்பீங்களாங்க?"

சின்னானை மேடைக்கே கொண்டுபோய், விலங்கின் ஒரு வளையத்தை அவன் கையிலும் மற்றதை இரும்பு நாற்காலியிலும் பூட்டித் தன் பக்கத்தில் உட்கார வைத்தார் சுப்பையன். பிறகு வீட்டுக்கு ஆள் அனுப்பினார். "பூட்டிட்டு எல்லாரும் வாங்க. திருடன் என் கைக்குள்ள இருக்கான்."

சௌந்திரம் பட்டுப் புடவையில் வந்தாள். மகள், மகன், மாமியார் என்று ஒரு படையே பின்னால் வந்தது. அங்கமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போலீஸ் லைன் முதல் வீட்டுச் சுப்பையன் ஐயா அவர்களும், அவரது துணைவியார் சௌந்திரம் அம்மையாரும், பிள்ளைகளும், மாமியாரும், வீட்டில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் வந்திருந்து நம்மைக் கௌரவிக்கிறார்கள்!"

தெருவுக்குத் தெரு கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களெல்லாம் சேர்ந்து முழங்கின. சௌந்திரம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சுப்பையனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று சின்னானுக்குப் பதிலாக யாரோ ஒரு பையன் ஓட்டினான். சூரமங்கலம் அணி முதல்முறையாகக் கோப்பையை வென்றது. சின்னான் கோப்பையைப் பார்த்தான், அழ ஆரம்பித்தான். லாரிக்குப் பின்னால் போக வழியில்லாததால் மேடையிலேயே, நாற்காலி ஆட ஆட, தேம்பித் தேம்பி அழுதான்.

அந்த அழுகையில் நடிப்பு இல்லை.

கான்ஸ்டபிள் காளியப்பன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, உங்க ஊட்டுப் பூட்டு ஒடஞ்சு கெடக்குதுங்க. பீரோவுல ஒண்ணுமே இல்லீங்க."

"ஐயோ, புள்ளைக்குச் சேர்த்த நகை!" என்று சௌந்திரம் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுப்பையன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். விலங்கு பூட்டியபடி இருந்தது. அதில் மாட்டிய கையோடு சின்னான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

மைக்கில் அங்கமுத்து அடுத்தவரை வரவேற்றுக்கொண்டிருந்தார். "கடைவீதி இரும்புக்கடை முதலாளி அவர்கள், கடையையும் வீட்டையும் பூட்டிவிட்டு, குடும்பம் சகிதமாக..."

எந்த வீட்டில் ஆள் இல்லை என்று வாராவாரம் திருடனுக்கு விலாசத்தோடு சொல்லிக்கொண்டிருந்த குரல், சுப்பையன் காதில் அப்போதுதான் விழுந்தது.