வியாழக்கிழமைக் கைமாற்றம்

விவாகரத்து வழக்கு முடியும்வரை, ஒன்பது வயது ரூபினி வியாழன்தோறும் குரூணில் மஜீத்தின் சாப்பாட்டுக் கடையில் கைமாறுவாள். தெற்கே சுங்கைப்பட்டாணியிலிருந்து அம்மா கொண்டுவந்து விடுவாள். வடக்கே ஜித்ராவிலிருந்து அப்பா வந்து அழைத்துப்போவார். ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை.

அன்று கடை வாசலிலேயே இருவருக்கும் சண்டை.

“நாளைக்குக் கட்சித் தேர்தல்லா. இந்த வாரம் நீயே வெச்சுக்க,” என்றார் அப்பா.

“நாளைக்கு என் சலூன் திறப்பு விழா. யாரு பார்த்துக்குவா?”

சட்டென இருவரும் தத்தம் காருக்குத் திரும்பினார்கள். இரண்டு கார்களிலும் பின்கதவு திறந்து மூடியது. ஒரு கார் தெற்கே போனது, மற்றது வடக்கே. கடைக்குள் மேசையில் ரூபினி இன்னும் மைலோ குடித்துக்கொண்டிருந்தாள்.

மஜீத் பதறிப்போய் அப்பாவுக்கு ஃபோன் செய்தார்.

“பிள்ளை பின்னாலதான இருக்கு, அண்ணே? பாட்டுப் பாடிக்கிட்டு வருது.”

பாட்டு மஜீத்துக்கும் கேட்டது. ரூபினியின் குரல்தான். அடுத்து அம்மாவை அழைத்தார்.

“சத்தம் போடாதீங்க அண்ணே, இப்பதான் தூங்குறா.”

மஜீத் ஃபோனைக் கீழே வைத்தார்.

“நான் யார்கிட்ட இருக்கேன், அங்கிள்?” என்று கேட்டாள் ரூபினி.

“ரெண்டு பேர்கிட்டயும்மா.”

அவள் தலையாட்டினாள். பிறகு எல்லா வியாழனும்போல, புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து உட்கார்ந்தாள்.