லென்ஸ் விட்ட கண்ணீர்

துரைக்கண்ணு சித்தப்பாவின் சாவில் அதிகமாக அழுதவன், அவர்மேல் திண்டிவனம் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்த நான்தான்.

அழுவதற்காகப் போகவில்லை. போகாவிட்டால் ஊர் பேசும் என்று போனேன். மாலையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போதே கண் எரிந்தது. கண்ணாடி போட்டால் கிழவனாகத் தெரிகிறேன் என்று லென்ஸ் வைத்துக்கொள்கிறவன் நான். அதை ஊறவைக்கும் சொல்யூஷன் தீர்ந்துபோய், முதல் நாள் வேறு ஒன்று வாங்கியிருந்தேன். அட்டையில் இருந்த பெண்ணின் கண் அழகாக இருந்தது. அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

பந்தலில் பெரிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அண்ணன் மகன் நான்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்றார்கள் பங்காளிகள்.

"கிணத்துக்குக் கேஸ் போட்டவன் கொள்ளி வைக்கறதா?" என்றாள் முனியம்மாள் சின்னம்மா. "எம் பொண்ணு வைப்பா. அவன் வாசப்படி ஏறக்கூடாது."

அப்பாடா, மொட்டை தப்பியது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாரம் தவறாமல் மை போடுகிற தலை.

அந்த நேரம் பார்த்து இரண்டு கண்ணும் பொங்கின.

"யம்மா, குமரேசன் அண்ணன் அழுவுது பாரு" என்றாள் சித்தப்பா மகள் கலைப்பிரியா.

அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெற்ற மகளே மரம்போல நிற்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிமிட்டினேன். இன்னும் ஊற்றியது.

"இவ்ளோ பாசத்த வச்சிக்கினு கோர்ட்டுக்கு அலைஞ்சிருக்கான் பாரு, மடையன்" என்றார் பாண்டுரங்கன் மாமா.

சின்னம்மாவின் உதடு கோணியது. "உள்ள வாடா. நீயே வை" என்று என் தோளில் சாய்ந்து கதறினாள். அவளோடு சேர்ந்து லென்சும் அழுதது.

முகம் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். கலைப்பிரியா பின்னாலேயே வந்தாள். புதுச்சேரியில் ஒரு கண்ணாஸ்பத்திரியில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு.

"கழுவினா போவாதுண்ணா. லென்ஸக் கழட்டு."

"என்னது?"

"சொல்யூஷன மாத்தினியா?"

தலையாட்டினேன்.

"ராத்திரி பூரா ஊறும்போது கிருமியக் கொல்ற மருந்தையும் சேத்துக் குடிச்சிக்கும், சாஃப்ட் லென்ஸ். கண்ணுல வச்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உடும். சில லென்சுக்கு சில மருந்து ஒத்துக்காது. ஜல்தியா கழட்டு, கண்ணு புண்ணாயிடும்."

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"அழுவறவங்க கண்ணத் தொடைப்பாங்க. நீ சிமிட்டிக்கினே நின்ன."

கழற்றினேன். குழாயைத் திருகியதுபோல அழுகை நின்றது. எதிரில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"தெரிஞ்சிக்கினே ஏன் சின்னம்மாகிட்ட அப்படிச் சொன்ன?"

"அம்மா மனசு மாறணும். எனக்கு வேற வழி தெரியல."

எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. "இப்ப நின்னுபோச்சே. சின்னம்மா பாத்தா என்ன நெனைக்கும்?"

கலைப்பிரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா எங்கிட்ட சொல்லிட்டுதாண்ணா போனாரு. 'குமரேசன் வருவான், ஆனா அழமாட்டான். அழலன்னாலும் கொள்ளி அவன்தான் வைக்கணும்'னு."