யூனிஃபார்மில் போ

அண்ணன் போன் செய்தபோது நான் கம்பெனி கேட்டில், பெண்கள் சோதனை வரிசையில் பதினோராவது ஆளாக நின்றிருந்தேன்.

மணி இரண்டு பத்து. இரண்டரைக்கு ஷிஃப்ட். அதற்குள் போனை லாக்கரில் போட்டு, கையை விரித்து நின்று, தடவிப் பார்க்கவிட்டு, கார்டு தேய்க்க வேண்டும்.

ஃப்ளைட் ஏறிவிட்டாயா என்று கேட்டேன்.

இல்லையாம். மீனம்பாக்கத்தில் செக்கிங்கிலேயே ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்களாம்.

முதலில் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்களாம். பிறகு பெல்ட். தொப்பி. நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை. அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற எவனோ படம் வேறு எடுத்தானாம்.

யூனிஃபார்மில் போ என்று சொன்னது நான்.

அவன் மாட்டேன் என்றான். ரயிலோ பஸ்ஸோ, சாதா உடுப்பில் போவதுதான் நல்லது என்று அவனுடைய யூனிட்டிலேயே சொல்கிறார்களாம். நான் கேட்கவில்லை. மூன்று வருடமாக என்னை ஒரு நாளைக்கு இரண்டு தடவை தடவிப் பார்க்கிறார்கள். உள்ளே போகும்போது ஒன்று, எதையாவது திருடிவிட்டேனா என்று வெளியே வரும்போது ஒன்று. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவளை. எங்கள் வீட்டில் ஒரு ஆளாவது ஒரு வாசலை நிமிர்ந்து தாண்டட்டுமே என்று நினைத்தேன். ரயிலில் போகிறவனுக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டதும் நான்தான்.

யூனிஃபார்மைப் பார்த்துமா இப்படிச் செய்தார்கள் என்று கத்திவிட்டேன். முன்னால் நின்ற முத்துச்செல்வி திரும்பிப் பார்த்தாள்.

அவன் குரலைத் தணித்தான்.

"ஏட்டி, அவங்கள ஏசாத. பைக்குள்ள ஒரு ரவுண்டு இருந்திருக்கு."

ரவுண்டு என்றால் தோட்டா. இன்னும் சுடாத தோட்டா.

துப்பாக்கிப் பயிற்சி முடிந்த கையோடு லீவு கிடைத்து, அந்த உடுப்பைத் துவைக்காமல் சுருட்டிக்கொண்டு ரயிலேறி வந்தவன் அவன். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவனும் விறைப்பாக நின்று, என்னிடம் தோட்டாவும் இல்லை, சுட்டு மிஞ்சிய காலிக் குப்பியும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஒன்று கிடைத்தால் அதை யாரும் மறதி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொய் என்றுதான் எழுதுவார்கள். அண்ணனும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

நாளைக் காலையில் அவன் யூனிட்டில் ஆஜராக வேண்டும். பதினான்கு வருட சர்வீஸ். பென்ஷனுக்கு இன்னும் ஒரே வருடம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, வீட்டில் ஒருத்தியாவது காலேஜ் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் பட்டாளத்துக்குப் போனவன்.

போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். பெரிய அதிகாரி வந்துகொண்டிருக்கிறாராம்.

வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நாலு பேர்.

இங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. போய்? டிக்கெட் இல்லாதவளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சோதனை போடும் கோவிந்தம்மா அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, மாப்ளையா? ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து கொஞ்சிக்கலாம், போன உள்ள போடு."

வரிசையே சிரித்தது.

போனில் வேறொரு குரல் கேட்டது. இந்தி. எனக்கு இந்தி நன்றாகவே வரும். மூன்று வருடமாக ஒடிசாப் பிள்ளைகளோடு ஒரே அசெம்ப்ளி லைன், ஒரே ஹாஸ்டல்.

இந்தப் பையை அடுக்கியது யார் என்று அந்த ஆள் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

அண்ணன் போனைக் கையால் மூடக்கூட இல்லை.

பிறகு சொன்னான். நான்தான் சார், என் கையால் அடுக்கினேன்.

அந்தப் பைக்குள் இன்னொரு ஜிப் இருப்பதே அவனுக்குத் தெரியாது. புதுப் பை. நான் வாங்கி, நானே அடுக்கியது.

லீவு போட்டு நானும் ஊருக்குப் போயிருந்தேன்; வந்த அன்று அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். துவைக்க எடுத்த கால்சட்டையின் தொடைப் பாக்கெட்டில் அந்தத் தோட்டா கையில் தட்டுப்பட்டது. எங்கள் லைனில் ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால்கூட வேலையை நிறுத்திவிட்டுத் தேடுவோம். கிடைத்ததும் கவரில் போட்டு, யார் தட்டிலிருந்து விழுந்ததோ அவளிடமே சேர்ப்போம். குப்பையில் போட்டவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. என் கை அதைத்தான் செய்தது. சின்னக் கவரில் போட்டு, அவனுக்காக வாங்கி வைத்திருந்த அந்தப் பையின் உள் ஜிப்பில் வைத்தது. எழுந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அவன் எழுந்தபோது யூனிஃபார்முக்குக் கஞ்சி போடுவதிலேயே எனக்குக் குறி.

இப்போதாவது சொல்லலாம். அவனுக்கு அது உதவுமோ என்னவோ. ஸ்பீக்கரில் போடு அண்ணே என்றால் போதும், மீதியை நானே இந்தியில் சொல்லிவிடுவேன்.

"சுகா, லைன்ல இருக்கியா?"

கோவிந்தம்மா அக்கா கையை நீட்டினார்.

கட் செய்தது நான்தான்.