நாலு வரி மொட்டைக் கடிதம்

“உங்க பொண்ணைப் பத்தி ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கும்மா.”

தலைமையாசிரியை சொன்னதும் அம்மா, பக்கத்தில் நின்ற ஏழாம் வகுப்பு மகளின் கையைப் பிடித்தாள். ஜில்லிட்டிருந்தது.

“என்னன்னு, மேடம்?”

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தட்டுத் தடுமாறிப் படித்தார்.

“‘கணக்குப் போட்டிக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு பக்கம்கூடப் படிக்கத் தெரியாது. அவள் மக்கு. முதலாவதாக வந்தது குருட்டு அதிர்ஷ்டம். அவளை எடுத்துவிடுங்கள்.’ நாலே வரி. ஆள் தெரியக் கூடாதுன்னு இடது கையால கிறுக்கியிருக்காங்க. எழுத்துப் பிழைகூட வேணும்னேதான்.”

“படிக்க வராதுங்கறது ஊரறிஞ்ச விஷயமாச்சே மேடம்! எழுத்தெல்லாம் அவ கண்ணுக்கு இடம் மாறி நிக்குது. டாக்டர் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துட்டு நீங்கதானே கேள்வியைப் படிச்சுச் சொல்ல ஆள் போட்டீங்க? ஆனா கணக்கை அவளேதான் போடறா!”

“எனக்குத் தெரியாதாம்மா? நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லணுமே. அஞ்சு மணிக்குள்ள பேரை அனுப்பியாகணும். சார், ஒரு கணக்குக் கேளுங்க,” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு சாரிடம் திரும்பினார்.

அம்மா மகளைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளாக ‘மக்கு’ என்றே கேட்டு வளர்ந்த பெண். முதல் முறையாக ஒரு நல்ல பேர் வாங்கியிருக்கிறாள். அதுவும் போய்விட்டால்?

கணக்கு சார் தொண்டையைச் செருமினார். “நூத்து முப்பத்தேழு பேர் டென்னிஸ் ஆடறாங்க. தோத்தா வெளியே. ஒருத்தர் கோப்பையை வாங்க மொத்தம் எத்தனை ஆட்டம் நடக்கணும்?”

தலைமையாசிரியை பென்சிலை எடுத்து, பாதி, பாதியில் பாதி என்று வகுக்க ஆரம்பித்தார். மகள் வாயைத் திறந்தாள். மூடினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

‘சொல்லுடி கண்ணு!’ அம்மா மனதுக்குள் கெஞ்சினாள்.

“நூத்து முப்பத்தாறு.” அடக்க அடக்க மீறி வந்ததுபோல் இருந்தது குரல்.

“எப்படி?”

“ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர் வெளியே போவாங்க. ஜெயிக்கறவரைத் தவிர எல்லாரும் வெளியே போகணுமே சார்.”

கணக்கு சார் சிரித்துவிட்டார். “மேடம், நீங்க பென்சிலை வெச்சிடலாம்.”

தலைமையாசிரியை பட்டியலில் கையெழுத்துப் போட்டார். போன உயிர் அம்மாவுக்குத் திரும்பி வந்தது. மகள் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா பொரிந்து தள்ளினாள்.

“இது அந்த ரெண்டாவதா வந்த பையனோட அம்மா வேலையாத்தான் இருக்கும்! நேத்துகூட என்னைப் பார்த்து மூஞ்சியை ஒரு முழம் நீட்டினா. ஒரு நிமிஷத்துல எதையோ கிறுக்கிப் போட்டுட்டுப் போயிடறாங்க. பச்சைப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்னு யோசிக்க வேண்டாம்?”

மகள் நின்றுவிட்டாள்.

“ஒரு நிமிஷம் இல்லம்மா,” என்றாள், தரையைப் பார்த்தபடி. “அந்த நாலு வரியை எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு.”