யாரும் எடுக்காத வசனம்

தேவாலயத்தில் புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு பைபிள் வசனம் எடுக்கும்படி வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் சுற்றி வந்தன. 'போய் உன் சகோதரனோடு சமாதானமாகு' என்ற அட்டையை எடுத்தவர்கள் எல்லாரும், வாசித்துவிட்டு நைசாகத் திருப்பிப் போட்டார்கள்.

"செழிப்பு, சுகம்னு இருந்தா எடுப்பாங்க. உன்னை எவன் சுமப்பான், அண்ணாச்சி?" என்றது பக்கத்து அட்டை.

"ஒருத்தனாவது கீழ்ப்படிஞ்சா போதும்டா" என்றது அது, அலுத்துப்போய்.

கடைசியில் யேசுவடியான் அதை எடுத்துக் கண்கலங்கி முத்தமிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அட்டைக்குப் போன உயிர் திரும்பியது.

"ரொம்பக் குதிக்காதே" என்றது சுவரில் இருந்த ஆணி. "தம்பி முகத்துல முழிக்கக் கூடாதுன்னு, வீட்டுக்கு நடுவுல அவர் எழுப்பின சுவர் இது."